குறை ஸ்பீக்கர் வயரிலா, வேறு இடத்திலா: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

வீட்டில் பாட்டுக் கேட்கும் செற்றின் ஓசை கெட்டுவிட்டால் பலரும் முதலில் ஸ்பீக்கர் வயரைத்தான் சந்தேகிக்கிறார்கள். அடுத்து, விலை கூடிய வயர் ஒன்றைத் தேடி வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பஸ் ஏறுகிறார்கள். ஓசையில் வயருக்குப் பங்கு உண்டு. ஆனால் அந்தப் பங்கு எவ்வளவு என்பதை அளவுநாடாவும் சிறு கணக்கும் கொண்டு, காசு செலவழிப்பதற்கு முன்பே அறிந்துகொள்ளலாம். அப்படி அறிந்து பார்த்தால், குறை பெரும்பாலும் வயரின் உடம்பில் இல்லாமல் அதன் இரு முனைகளில் இருப்பது தெரியவரும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், மல்லாவிப் பக்கங்களில் ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும் சாமான்களையும் இங்குள்ள வெக்கை, உப்புக்காற்று, கறையான், எலி ஆகியவற்றையும் மனத்தில் வைத்தே இந்த வழிமுறை எழுதப்படுகிறது.

எந்த அறிகுறிக்கும் முதலில் செய்யவேண்டிய சோதனை

அம்பிளிபயரை நிறுத்தி, குறை சொல்லும் ஸ்பீக்கரைத் தூக்கி வந்து அதன் பக்கத்தில் வையுங்கள். ஒரு மீற்றருக்கு மேற்படாத, முனை புதிதாகச் சீவிய நல்ல வயரால் நேரடியாக இணைத்து, முன்பு கேட்ட அதே பாட்டை அதே ஓசை மட்டத்தில் கேளுங்கள். குறை அப்படியே இருந்தால் வயர் குற்றமற்றது. நீங்கள் தேடவேண்டியது ஸ்பீக்கரிலோ அம்பிளிபயரிலோ பாட்டு வரும் மூலத்திலோ இருக்கிறது. குறை போய்விட்டால், பழைய வயரிலோ அதன் மூட்டுகளிலோ ஏதோ இருக்கிறது என்பது உறுதி. இதற்குக் கால் மணித்தியாலம் கூடச் செல்லாது. இதைச் செய்யாமல் கீழே உள்ள எதையும் தொடங்குவது வீண் வேலை.

அடுத்து, அம்பிளிபயரின் பின்புறத்தில் இடது வலது வயர்களை மாற்றிச் செருகிப் பாருங்கள். குறை மற்ற ஸ்பீக்கருக்கு மாறினால் அது அம்பிளிபயர் பக்கத்தது. அதே ஸ்பீக்கரிலேயே நின்றால் வயர் அல்லது ஸ்பீக்கர் பக்கத்தது. ஒவ்வொரு முறையும் அம்பிளிபயரை நிறுத்திவிட்டே வயரில் கை வையுங்கள். ஓடும்போது இரு முனைகளும் ஒன்றோடொன்று முட்டினால் வெளியீட்டுப் பகுதி எரிந்துபோகக்கூடும்.

கணக்குக்கு வேண்டிய மூன்று பண்புகள்

இரட்டை வயர் ஒன்றுக்கு மின்தடை, தூண்டுதிறன் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மை), கொள்ளளவம் (இரு கம்பிகளுக்கிடையில் மின்னேற்றம் சேரும் தன்மை) என மூன்று மின்பண்புகள் உண்டு. அறை வெப்பநிலையில் ஒரு சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுள்ள செப்புக் கம்பியின் மின்தடை மீற்றருக்கு ஏறத்தாழ 0.0172 ஓம். மின்னோட்டம் போய்த் திரும்பவேண்டியிருப்பதால் 10 மீற்றர் வயரில் 20 மீற்றர் செம்பைக் கணக்கிடவேண்டும், எனவே 0.34 ஓம் வரும். சாதாரண இரட்டை வயரின் தூண்டுதிறன் மீற்றருக்கு அரை முதல் முக்கால் மைக்ரோஹென்றி வரையும், கொள்ளளவம் ஐம்பது முதல் நூறு பிக்கோபரட்டு வரையும் இருக்கும். வீட்டுத் தூரங்களில் முதற் பண்பு எப்போதும் பொருட்படுத்தத்தக்கது, இரண்டாவது சில வேளைகளில் மட்டும், மூன்றாவது மிக அரிதாக. ஒலி அதிர்வெண்களில் வயரின் சிறப்பியல்பு மின்தடங்கல், மின்சைகை செல்லும் வேகம் என்பவற்றுக்கு இடமே இல்லை. ஒரு வயர் மற்றதிலும் ஒரு மீற்றர் நீளமாக இருந்தால் வரும் தாமதம் நனோசெக்கன் ஐந்தளவுதான். ஆகவே இரு பக்க வயர்களையும் ஒரே நீளத்தில் வெட்டவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

அறிகுறி: ஒரு ஸ்பீக்கர் விட்டுவிட்டு வேலைசெய்கிறது, கரகரக்கிறது, அல்லது முற்றாக நின்றுவிட்டது

இது முனைகளின் நோய். முல்லைத்தீவுக் கரையோரத்திலும் மன்னார்ப் பக்கத்திலும் உப்புக்காற்றில் செம்பு விரைவாகக் கறுத்து, பிறகு பச்சை பிடிக்கும். உள்நாட்டில் மாரியின் ஈரம் அதே வேலையைச் சற்று மெதுவாகச் செய்யும். கறுத்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, பத்து மில்லிமீற்றர் அளவுக்குப் புதிதாகச் சீவி, இழைகளை இறுக முறுக்கி, திருகுமுனையில் மீண்டும் இறுக்குங்கள். பழைய முனையைச் சுரண்டிப் பளபளப்பாக்குவதிலும் வெட்டி எறிவதே நல்லது. இழைகளுக்கு இடையில் உள்ள துருவைச் சுரண்டி எடுக்க முடியாது.

திருகுமுனையில் இறுக்கும் இழைகளுக்கு ஈயம் பூசி வைப்பது நம் பக்கத்தில் பரவலான பழக்கம். அதை விட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஈயக்கலவை மென்மையானது, இறுக்கத்தின் கீழ் மெல்ல மெல்ல நசிந்து விலகுவதால், இன்று கெட்டியாக இருக்கும் திருகு சில மாதங்களில் தளர்ந்துவிடும். முறுக்கிய வெறும் செம்பு, அல்லது அழுத்திப் பொருத்தும் சிறு குழல் முனை, அல்லது திருகோடு வரும் பனானா பிளக் ஆகியவை நீடிக்கும். அம்பிளிபயரில் சிறிய சுருள்வில் கிளிப்புகள் மட்டும் இருந்தால், பருத்த வயரைத் திணிக்க இழைகளை வெட்டி மெலிய வைக்காமல், பொருந்தக்கூடிய ஊசிமுனை ஒன்றை வாங்கிப் பொருத்துங்கள்.

வயரின் நடுவில் இரண்டு வயர்களை முறுக்கி ரேப் சுற்றிய மூட்டு இருந்தால், முதலில் அதைத் திறந்து பாருங்கள். மின்சாரமே இல்லாதிருந்த தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறை வன்னியில் இன்னும் இருக்கிறது. ஒரு தளர்ந்த மூட்டு வானொலியை நிறுத்திவிடும் என்பது அவர்களுக்குப் பாடமாகவே தெரியும். நடு மூட்டு தவிர்க்க முடியாததானால், அங்கே ஈயம் வைத்து ஒட்டி, சுருங்கும் குழாய் போட்டு மூடலாம். அந்த மூட்டில் திருகின் அழுத்தம் இல்லாததால் மேலே சொன்ன தளர்ச்சி வராது.

முனைகள் சரியாக இருந்தும் ஓசை விட்டுவிட்டு வந்தால், கூரைத் தீராந்தி வழியாகப் போன வயரை எலியோ அணிலோ கடித்திருக்கிறதா, நிலையோரத்தில் கறையான் புற்று வயரை மூடியிருக்கிறதா என்று முழு நீளத்தையும் கண்ணால் பாருங்கள். ஒளிபுகும் உறையுள்ள வயரில் செம்பு நெடுகப் பச்சையாகத் தெரிந்தால் பயப்படவேண்டாம். மேற்பரப்பில் ஏற்பட்ட அந்தப் படை மிக மெல்லியது. உள்ளே மின் செல்லும் செம்பின் அளவு ஏறக்குறைய அப்படியே இருக்கும். முனைகளை மட்டும் சுத்தமான செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டால் போதும்.

அறிகுறி: தூரத்து ஸ்பீக்கரின் ஓசை தாழ்ந்து, உயிரில்லாமல் கேட்கிறது

வயரின் மின்தடை உண்மையாகவே குற்றவாளியாகும் இடம் இது. வீட்டுத்திட்ட வீடுகளின் கூடம் சிறியது. அம்பிளிபயரிலிருந்து எதிர்ச்சுவர் மூலைக்கு நேர்க்கோட்டில் நான்கு மீற்றர்தான் இருக்கும். ஆனால் வயர் நேர்க்கோட்டில் போவதில்லை. கதவு நிலையைச் சுற்றி ஏறி இறங்கி, யன்னலுக்கு மேலால் வளைந்து, விறாந்தைக்கு வெளியே வரும்போது அது பத்து மீற்றரைத் தாண்டிவிடும். கணக்கில் இடவேண்டியது வயர் போகும் வழியின் நீளமே.

வயரின் குறுக்குவெட்டை உறையில் அச்சிட்டிருக்கும் எண்களிலிருந்து கண்டுபிடிக்கலாம். 24/0.20 என்று இருந்தால், 0.20 மில்லிமீற்றர் விட்டமுள்ள இழைகள் 24 என்பது பொருள். இழையின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, 0.785 ஆலும் இழைகளின் எண்ணிக்கையாலும் பெருக்கினால் 0.75 சதுர மில்லிமீற்றர் வரும். அதேபோல 32/0.20 ஒரு சதுர மில்லிமீற்றர், 30/0.25 ஏறத்தாழ ஒன்றரை, 50/0.25 ஏறத்தாழ இரண்டரை. வீட்டு மின்னிணைப்புக்குப் பயன்படும் 7/0.67 வயரும் ஏறத்தாழ இரண்டரைதான். அது விறைப்பாக இருப்பதால் சுவரோடு ஆணியடித்துக் கொண்டுபோக வசதியானது; மின்பண்பில் ஸ்பீக்கர் வயருக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. அச்சு எதுவும் இல்லாவிட்டால் இழைகளை எண்ணி, ஓர் இழையின் விட்டத்தை நுண்மானியால் அளக்கலாம். நுண்மானி இல்லையென்றால், அந்த இழையை ஒரு பென்சிலில் நெருக்கமாக இருபது சுற்றுச் சுற்றி, சுற்றுகளின் மொத்த அகலத்தை அடிமட்டத்தால் அளந்து இருபதால் வகுக்கலாம்.

ஹோம் தியேட்டர் செற்றுகளோடு பெட்டிக்குள் வரும் பின்பக்க ஸ்பீக்கர் வயர்கள் சில, 0.2 சதுர மில்லிமீற்றர் அளவுக்கு மெல்லியவை. அவற்றை அதே தடிப்புள்ள வயரால் பத்து மீற்றருக்கு நீட்டினால் மின்தடை 1.7 ஓமைத் தொடும். ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் 3 டெசிபெல் இழப்பு. அதாவது ஸ்பீக்கருக்குக் கிடைக்கவேண்டிய வலுவில் பாதி போய்விடுகிறது. அதே தூரத்துக்கு ஒன்றரைச் சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் இழப்பு அரை டெசிபெல்லுக்கும் குறைவு. இரண்டரை போட்டால் 0.3 டெசிபெல். இந்தத் தூரத்துக்கு இரண்டரைக்கு மேலே போவதால் வீட்டில் பயன் இல்லை.

எவ்வளவு தடிப்பு வேண்டும் என்பதற்கு ஒலியியலாளர் பலர் கைக்கொள்ளும் ஒரு வரம்பு உண்டு: வயரின் மின்தடை, ஸ்பீக்கரின் ஓம் அளவில் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டக்கூடாது. செம்பின் மின்தடை ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் நூற்றுக்கு 0.39 கூடுவதால், இங்குள்ள 35 பாகை வெக்கையையும் சேர்த்து இந்த வரம்பைக் கணக்கிட்டேன். வந்த விதி நினைவில் வைக்க எளியது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு வயரின் சதுர மில்லிமீற்றர் அளவை 11 ஆல் பெருக்குங்கள், 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஐந்தரையால் பெருக்குங்கள். வருவதுதான் அந்த வயர் போகக்கூடிய உச்ச நீளம், மீற்றரில். ஒரு சதுர மில்லிமீற்றர் வயர் 8 ஓமுக்கு 11 மீற்றர் வரை போகும். 4 ஓமுக்கு ஐந்தரை மீற்றரோடு நின்றுவிடும். செற்றின் பின்புறத்தில் ஓம் அளவைப் பார்க்காமல் வயர் வாங்கப் போகாதீர்கள்.

இந்தக் கணக்கெல்லாம் வயர் செம்பாக இருந்தால் மட்டுமே பொருந்தும். செம்பு முலாம் போட்ட அலுமினிய வயர் சந்தையில் தாராளமாக இருக்கிறது. வெட்டுமுகத்தை மேலோட்டமாகப் பார்த்தால் செம்பு போலவே தெரியும். அதன் மின்தடை செம்பைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்பதால், இரண்டரை என்று விற்கப்படுவது செம்பில் ஒன்றரை போலத்தான் நடந்துகொள்ளும். அடையாளம் காண மூன்று வழிகள் உண்டு. ஓர் இழையைப் பிளேட்டால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். (வெளியே வெள்ளையாகவும் உள்ளே சிவப்பாகவும் இருந்தால் அது வெள்ளீயம் பூசிய செம்பு, நல்ல வயர்.) கையில் தூக்கிப் பாருங்கள், அலுமினியச் சுருள் அதன் பருமனுக்குப் பொருந்தாத அளவு இலேசாக இருக்கும். முற்றத்தில் வைத்து ஒற்றை இழையை லைற்றர் சுவாலையில் காட்டுங்கள். 660 பாகையில் உருகும் அலுமினியம் சுருண்டு துளியாகிவிடும், 1085 பாகை வரை தாங்கும் செம்பு சிவந்து நிற்கும். அலுமினிய வயர் பயன்படாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்குச் செம்பின் விலையைக் கொடுப்பது அநியாயம். வளைத்து நிமிர்த்தும்போது அதன் இழைகள் எளிதில் முறியும் என்பதால் முனைகளில் கூடுதல் கவனம் வேண்டும்.

மாறாக, ஒட்சிசன் அற்ற செம்பு என்ற பெயரில் பன்மடங்கு விலைக்கு விற்கப்படும் வயருக்கு மின்தடைக் கணக்கில் இடமில்லை. மின்கடத்துதிறனுக்கு 1913 இல் நிர்ணயிக்கப்பட்ட அனைத்துலகச் செப்பு நியமத்தை நூறு என்று கொண்டால், ஒட்சிசன் அற்ற செம்பு நூற்றொன்று அளவில் நிற்கிறது. சாதாரண மின்செம்பு அந்த நூறிலேயே இருக்கிறது.

கணக்கோடு நில்லாமல் உண்மையில் அளந்து பார்க்க விரும்புவோருக்கு ஒரு வழி. சாதாரண மல்ற்றிமீற்றரின் ஓம் அளவீடு ஒரு ஓமுக்குக் கீழே நம்பத்தக்கதன்று. அதன் சொந்த வயர்களே 0.2 முதல் 0.5 ஓம் வரை காட்டும். ஆகவே மின்னோட்டத்தைச் செலுத்தி வோல்ற்றளவு வீழ்ச்சியை அளக்கவேண்டும். ஸ்பீக்கர் வயரை இருபக்கமும் கழற்றி, தூரமுனையில் இரண்டு கம்பிகளையும் ஒன்றாக இறுக முறுக்குங்கள். 12 வோல்ற் பற்றரி ஒன்றிலிருந்து 5 அம்பியர் பியூஸ் வழியாக, வாகனச் சிக்னலுக்குப் போடும் 21 வாற் பல்ப் ஒன்றைத் தொடராக வைத்து, கிட்டமுனையின் இரண்டு கம்பிகளுக்கும் மின்னோட்டம் கொடுங்கள். பல்ப் எரியும்போது மீற்றரின் 10 அம்பியர் அளவீட்டில் மின்னோட்டத்தை ஒருமுறை பாருங்கள். ஏறத்தாழ ஒன்றேமுக்கால் அம்பியர் இருக்கும். பிறகு மீற்றரின் செருகிகளை வோல்ற் துளைகளுக்கு மாற்றி, கிட்டமுனையின் இரு கம்பிகளுக்கிடையில் உள்ள வோல்ற்றளவைப் பாருங்கள். 0.6 வோல்ற், 1.75 அம்பியர் என்றால் மின்தடை 0.34 ஓம், 10 மீற்றர் நீளமான ஒரு சதுர மில்லிமீற்றர் செப்பு வயருக்கு இது மிகச் சரி. கணக்கைவிட அளவு மிகக் கூடுதலாக வந்தால், வயருக்குள் கெட்ட மூட்டு ஒன்றோ அலுமினியமோ இருக்கிறது.

அறிகுறி: பேஸ் இல்லை, அல்லது பேஸ் வீங்கிக் கேட்கிறது

பேஸ் இல்லாமல், பாடகரின் குரல் நடுவில் நில்லாமல் அறை முழுவதும் அலைவதுபோல் கேட்டால், வயரின் தடிப்பைப் பற்றி யோசிக்கவேண்டாம். ஒரு ஸ்பீக்கருக்கு நேர்முனையும் எதிர்முனையும் மாறிப் போயிருக்கும். ஒரு கூம்பு வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுப்பதால் தாழ்ந்த ஓசைகள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. ஒரு பக்கத்தில் மட்டும் வயரை மாற்றிப் பொருத்துங்கள். பேஸ் திரும்பினால் அதுவே சரி. நிச்சயப்படுத்த வேண்டுமானால், அம்பிளிபயரிலிருந்து கழற்றிய வயரின் முனையில் 1.5 வோல்ற் பற்றரி ஒன்றைக் கண நேரம் தொடுங்கள். பற்றரியின் நேர்முனை வயரின் நேர்க்கம்பியைத் தொட்டபோது பெரிய கூம்பு முன்னே நகரவேண்டும். தனியாக இருக்கும் உயர்சுருதி ஸ்பீக்கரில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

பேஸ் வீங்கி, ஒரே ஒரு சுருதியில் மட்டும் முழங்குவதுபோல் கேட்பது வேறு விடயம். ஸ்பீக்கரின் ஓம் அளவு எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றாக இருப்பதில்லை. 4 ஓம் வரை தாழ்ந்து, கூம்பு இயல்பாகவே அதிகம் அதிரும் பரிவு அதிர்வெண்ணில் 30 ஓம் வரைகூட ஏறும். 1.7 ஓம் வயர் தாழ்ந்த இடத்தில் 3 டெசிபெல்லையும் ஏறிய இடத்தில் அரை டெசிபெல்லையும் பறிப்பதால், பரிவுச் சுருதி மற்றவற்றைவிட இரண்டரை டெசிபெல் தூக்கலாகிவிடும். இது காதுக்குத் தெளிவாகத் தெரியும் மாற்றம். தடிப்பான வயரே இதற்கு மருந்து.

ஆனால் அம்பிளிபயரின் தணிப்புக் காரணி (ஸ்பீக்கரின் ஓம் அளவை அம்பிளிபயரின் உள்மின்தடையால் வகுத்து வருவது) 200 என்றும், மெல்லிய வயர் அதை 20 ஆக்கிப் பேஸைக் கெடுத்துவிடும் என்றும் சொல்லி விலை கூடிய வயரைத் தள்ளிவிடப் பார்த்தால், கூம்பை அடக்கும் அதே சுற்றில் ஸ்பீக்கர்ச் சுருளின் சொந்த மின்தடையும் இருப்பதை நினைவிற்கொள்ளுங்கள். 8 ஓம் ஸ்பீக்கரில் அது 6 ஓம் அளவு. வயர் 0.34 ஓம் சேர்த்தால் சுற்றின் மொத்தம் நூற்றுக்கு ஆறளவுக்குத்தான் கூடுகிறது. தணிப்புக் காரணி பத்திலொன்றாக விழுந்தாலும் கூம்பின் அடக்கம் பத்திலொன்றாக விழுவதில்லை.

மேலே சொன்ன இரண்டுமே பொருந்தாவிட்டால் ஸ்பீக்கரை மூலையிலிருந்து முக்கால் மீற்றர் வெளியே எடுத்துப் பாருங்கள். சீமெந்துச் சுவரும் வெறும் தரையும் உள்ள சிறிய கூடம், எந்த வயரையும்விடப் பேஸை மாற்றிவிடும்.

அறிகுறி: மேல்சுருதி மங்கியிருக்கிறது

சலங்கை, தாளம் போன்றவற்றின் கூர்மை போய்விட்டதாகத் தோன்றினால், இரண்டு கம்பிகளும் சேர்ந்தே போகின்றனவா என்று பாருங்கள். சேர்ந்த இரட்டை வயரில் 10 மீற்றருக்கு 6 மைக்ரோஹென்றி அளவு தூண்டுதிறன் வரும். 20 கிலோஹேர்ட்ஸில்கூட 4 ஓம் ஸ்பீக்கருக்கு இழப்பு 0.15 டெசிபெல்தான். ஆனால் கையிருந்த ஒற்றை வயர்கள் இரண்டை எடுத்து, ஒன்றை மற்றதிலிருந்து ஒரு சாண் இடைவெளி விட்டு ஆணியடித்திருந்தால் தூண்டுதிறன் நான்கு மடங்காகி, அதே ஸ்பீக்கருக்கு 20 கிலோஹேர்ட்ஸில் 2 டெசிபெல் அளவு போய்விடும். ஒற்றை வயர்களைத்தான் போடவேண்டுமென்றால் இரண்டையும் நெடுக முறுக்கிவிடுங்கள்.

மிஞ்சிய வயரைச் சுருட்டி வைத்தால் அது தூண்டற் சுருளாகி ஓசையைக் கெடுக்கும் என்ற அச்சம் பலரிடம் உண்டு. இரட்டை வயரில் ஒரு கம்பியில் போகும் மின்னோட்டம் மற்றதில் எதிர்த்திசையில் திரும்புவதால் இரண்டின் காந்தப்புலங்களும் ஏறத்தாழ முற்றாக அழிந்துவிடுகின்றன. சுருள் அப்படியே கிடக்கலாம். அதில் உள்ள ஒரே நட்டம், தேவையில்லாத நீளத்தின் மின்தடை.

அறிகுறி: அம்பிளிபயர் தானாக நிற்கிறது, அல்லது மிகையாகச் சுடுகிறது

முதலில் வயர் முனைகளைப் பாருங்கள். திருகுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை இழை பக்கத்து முனையையோ பெட்டியின் உலோகத்தையோ தொட்டாலே காப்புச் சுற்று அம்பிளிபயரை நிறுத்திவிடும். அடுத்து, விறாந்தைக்கென்று ஒரே வெளியீட்டில் இரண்டாவது சோடி ஸ்பீக்கரைச் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். 4 ஓம் இரண்டு சமாந்தரமாகச் சேர்ந்தால் 2 ஓம் ஆகும், பல அம்பிளிபயர்கள் அதைத் தாங்கா.

கொள்ளளவம் தலைகாட்டுவது இந்த அறிகுறியில் மட்டுமே. பல கம்பிகளைப் பின்னிச் செய்த சில வயர்களிலும், கணினி வலையமைப்பு வயர்கள் பலவற்றைச் சேர்த்து வீட்டில் பின்னுவதிலும் கொள்ளளவம் சாதாரண வயரைப்போலப் பத்து மடங்குக்கும் ஏறிவிடலாம். வெளியீட்டில் பாதுகாப்புச் சுருள் இல்லாத அம்பிளிபயர், காதுக்குக் கேளாத உயர் அதிர்வெண்ணில் தானாக அலைவுறத் தொடங்கி, பாட்டு ஓடாதபோதும் சுடும். சாதாரண இரட்டை வயருக்கு மாறுவதே தீர்வு. பின்னல் வயரை வைத்திருக்கவே வேண்டுமென்றால், 10 ஓம் மின்தடையையும் 0.1 மைக்ரோபரட்டுக் கொள்ளளவியையும் தொடராக இணைத்து வயரின் ஸ்பீக்கர் முனைக்குக் குறுக்கே போடலாம்.

அறிகுறி: குரல் மறைந்து வாத்தியம் மட்டும் கேட்கிறது

வயரை மிச்சம்பிடிக்க இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே திரும்பு கம்பியைப் போட்ட இடங்களில் இது நிகழும். அந்தப் பொதுக்கம்பி அம்பிளிபயர் பக்கம் அறுந்தால், இரண்டு ஸ்பீக்கரும் தொடராகி, இடது வலது வெளியீடுகளின் வேறுபாடு மட்டுமே கேட்கும். இரண்டிலும் ஒன்றாகப் பதிவான குரல் அழிந்துவிடும். அறுந்ததை ஒட்டுவதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனி இரட்டை வயர் போடுங்கள். இன்று மலிவாகக் கிடைக்கும் டி வகுப்பு அம்பிளிபயர்கள் பலவற்றில் கறுப்பு முனையும் சைகை உள்ள முனைதான். அவற்றில் இரண்டு கறுப்பு முனைகளையும் பொதுக்கம்பியால் சேர்த்தால் அம்பிளிபயரே கெட்டுப்போகலாம்.

அறிகுறி: இரைச்சல்

50 அல்லது 100 ஹேர்ட்ஸ் இரைச்சலுக்கு ஸ்பீக்கர் வயர் காரணமாவது மிக அரிது. சில ஓம் சுற்றில் தூண்டப்படும் மின் கேட்குமளவுக்கு வராது. உள்ளீட்டு வயர்கள் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். இரைச்சல் நின்றால், தொலைக்காட்சிக்கு வரும் டிஷ் வயர் அல்லது கணினி வழியாக நிலத்தொடுப்பு வளையம் (நிலத்துக்கு இரண்டு வழிகள் சேர்ந்து உண்டாகும் சுற்று) ஒன்று உண்டாகியிருக்கும். நில்லாவிட்டால் அம்பிளிபயரின் மின்வழங்கலைப் பார்க்கவேண்டும். இன்வேட்டரில் ஓடும்போது மட்டும் இரைந்தால் குறை இன்வேட்டரின் அலைவடிவில் இருக்கிறது. எக்காரணம் கொண்டும் பிளக்கின் நிலத்தொடுப்பைக் கழற்றி இரைச்சலை நிறுத்தாதீர்கள்.

அறிகுறி: ஒரு மணித்தியாலம் சத்தமாக ஓடியபின் ஓசை தாழ்கிறது

வயரைத் தொட்டுப் பாருங்கள், சுடாது. சுடுவது ஸ்பீக்கர்ச் சுருள். அது நூறு பாகை சூடேறினால் அதன் மின்தடை நூற்றுக்கு நாற்பதளவு கூடி, 6 ஓம் 8 ஓமைத் தாண்டிவிடும். ஓசையைக் குறைத்து ஆறவிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

முற்றத்துக்கும் வளவுக்கும் வயர் கொண்டுபோகும்போது

கோயில் திருவிழாவில் நூற்றுக்கணக்கான மீற்றர் மெல்லிய வயரில் குழாய் ஒலிபெருக்கி முழங்குகிறதே, வீட்டில் ஏன் பத்து மீற்றருக்குத் தடித்த வயர் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த நெடுந்தூர இணைப்புகள் 100 வோல்ற் முறையில், ஒவ்வொரு குழாயிலும் ஒரு மின்மாற்றியோடு (ட்ரான்ஸ்போமர்) இயங்குபவை. 100 வோல்ற்றில் 10 வாற் எடுக்கும் குழாய் வயருக்கு 1000 ஓமாகத் தெரிவதால், வயரின் பத்து ஓம் அங்கே ஒரு பொருட்டே இல்லை. வீட்டு 8 ஓம் ஸ்பீக்கரை வளவின் கோடிக்குக் கொண்டுபோக விரும்பினால், மேலே சொன்ன 11 மீற்றர்ப் பெருக்கலில் நீளம் அடங்குகிறதா என்று பார்த்து, அடங்காவிட்டால் அம்பிளிபயரையே ஸ்பீக்கருக்குக் கிட்டக் கொண்டுபோய், நீள வயரை உள்ளீட்டுப் பக்கத்தில் போடுவது மலிவானது. வெளியே போகும் வயரை வெயில் படாமல் பிவிசி குழாய்க்குள் இட்டு, குழாயின் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் வடிய ஒரு துளை விடுங்கள்; வெயிலில் கிடக்கும் உறை விறைத்து வெடிக்கும். 230 வோல்ற் வயரோடு ஒரே குழாயில் இடாதீர்கள். ஸ்பீக்கர் வயரின் முனையில் வீட்டுப் பிளக்கைப் பொருத்தி நீட்டிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. பிள்ளை ஒன்று அதைச் சுவரிலுள்ள பிளக்கில் செருகினால் ஸ்பீக்கரும் அம்பிளிபயரும் மட்டுமல்ல, அதைத் தொட்டவரின் உயிரும் போகலாம், ஆகவே அப்படி ஒன்று வீட்டில் இருந்தால் இன்றே வெட்டி அகற்றுங்கள். மாரி தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கும் பொழுதுகளில் வெளி வயரை அம்பிளிபயரிலிருந்து கழற்றி வைக்கவேண்டும். நிறுத்துவது மட்டும் போதாது, ஏனெனில் நீண்ட வெளி வயரில் மின்னல் தூண்டும் வோல்ற்றளவு, சுவிச் அணைந்திருந்தாலும் வெளியீட்டு முனை வழியாக உள்ளே வந்துவிடும்.